வயல் கோப்புறையில் ஒரே ஓர் ஆவணம்

எழுத்து வேலை என்றால் எனக்குத் தெரிந்தது விடுப்புக் கடிதமும் உரம் வந்து சேர்ந்த குறிப்பும்தான். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். பத்துப் பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு நான் நேரில் சரியாக நன்றி சொல்லவில்லை. எனக்கு வாய் அவ்வளவாக வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். தோட்டத்துக்கு வரும் மின்னஞ்சல்களை ஆவண மென்பொருளில் சேர்ப்பது என் வேலைகளில் ஒன்று. அதை நாங்கள் சிஸ்டம் என்போம். கிள்ளானில் இருக்கும் தலைமை அலுவலகம் சிஸ்டத்தில் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். அதில் ஏறாத அஞ்சல் அவர்களைப் பொறுத்தவரை வராத அஞ்சல்.

முன்பெல்லாம் அஞ்சல் திரையின் மேலேயே ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அமுக்கினால், என்ன பெயர், எந்தக் கோப்புறை என்று கேட்கும். பெயரைத் தட்டச்சு செய்தால் போய்ச் சேர்ந்துவிடும். அது பிளகின் என்கிற துணைநிரல் என்பதே, அதற்கு இனி ஆதரவு இல்லை என்று அறிவிப்பு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் பொத்தான் காணாமல் போனது. மாற்று ஏற்பாடு வரும், காத்திருங்கள் என்றார்கள். அஞ்சல்கள் மாதக்கணக்கில் குவிந்தன.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. அஞ்சல்களைக் கணினியில் இறக்கி, அங்கிருந்து மொத்தமாக சிஸ்டத்துக்குள் இம்போர்ட் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை காலைக்குள் முடிக்காத தோட்டங்களின் கோப்பு வேலை கிள்ளானுக்கு மாற்றப்படும். அதைச் செய்யும் ஆளும் அங்கே மாற்றலாகிப் போகலாம்.

என்னால் போக முடியாது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் தஞ்சோங் காராங்கில் டயாலிசிஸ். காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கூட்டிவருவேன். சற்றுத் தாமதமாகத் திரும்பினாலும் எங்கள் மேலாளர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த மேசை போனால் எனக்கு வேலையே போன மாதிரிதான்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். வியாழன் காலை வீட்டுக்காரரை விட்டுவிட்டு வந்து, தலைமை அலுவலகம் பார்ப்பதுபோல் சிஸ்டத்தைத் திறந்து பார்த்தேன். வயல் அறிக்கைகளின் கோப்புறையில் ஒரே ஓர் ஆவணம் இருந்தது. அதன் பெயர் "தீபாவளி லீவு".

புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வயலில் ஆட்களை மேற்பார்க்கும் எங்கள் மண்டோர் புது அஞ்சல் எழுதவே மாட்டார். என்றோ தீபாவளி விடுமுறை பற்றி நான் அனுப்பிய அஞ்சலுக்குப் பதில் போட்டபடியே இருக்கிறார். எலி வெட்டியது, தண்ணீர்க் கதவு அடைத்தது, லோரி சேற்றில் புதைந்தது எல்லாம் அந்தத் தலைப்பின்கீழ்தான் வரும். பொத்தான் இருந்தவரை நானே வேறு பெயர் கொடுத்து வந்ததால் அது தொந்தரவாகவே தெரியவில்லை. இம்போர்ட்டோ தலைப்பைத்தான் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரே பெயரில் வந்ததால் எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தின் திருத்தங்கள் என்று எண்ணி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டது. மேலே தெரிந்தது கடைசி அஞ்சல் மட்டும்தான்.

ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற ஒரு வாரமாவது ஆகும். கணினிப் பிரிவின் ஹெல்ப் டெஸ்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மழைக் கணக்கு கொடுக்க மண்டோர் உள்ளே வந்தார்.

"என்ன கிராணியம்மா, கம்ப்யூட்டர் ஒங்கள மொறைக்குதா, நீங்க அத மொறைக்கிறீங்களா?"

"நீங்க அனுப்புன ரிப்போட்டு எல்லாம் ஒண்ணாப் போச்சு அண்ணே."

"ஒண்ணாப் போனா நல்லதுதானே லா. நம்ம கோயில் கமிட்டிதான் ஒண்ணாவ மாட்டேங்குது."

திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தீபாவளி லீவா? மாடு பூந்து செம்பனக் கன்னத் தின்னுச்சுன்னு எழுதுனேன், எலி பிடிக்க வச்ச ஆந்தைப் பெட்டி விழுந்துச்சுன்னு எழுதுனேன். கிள்ளான்ல பாக்குறவன், இந்த மண்டோரு வருசம் பூரா லீவுலயே இருக்கான்னுல்ல நெனைப்பான்!"

"புது மெயிலா எழுதக் கூடாதா அண்ணே?"

"எனக்கு ரிப்ளை மட்டுந்தானே காட்டிக் குடுத்தீங்க? அமுக்குனா போவுது. போற வண்டிய ஏன் நிப்பாட்டணும்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"ஹெல்ப் டெஸ்க்குக்குப் போன் போட்டீங்களா?"

"மெயில் போட்டிருக்கேன்."

"மெயிலா? அவன் திங்கக்கெழம பாப்பான்."

"என்ன பேசுறதுன்னு தெரியல அண்ணே."

சுவரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து அவரே போன் போட்டார். மலாயில் பேசினார், மிஸ் என்பதற்கு அதில் சிக்: "சிக், இங்க ஒரு அக்கா இருக்காங்க. நல்ல வேலக்காரங்க. போனக் கண்டாத்தான் பயம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, கடிச்சிராதீங்க." அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தது எனக்கே கேட்டது. ரிசீவரை என் கையில் திணித்துவிட்டார்.

"காக், சாப்பிட்டீங்களா?" அதுதான் அந்தப் பெண் மலாயில் கேட்ட முதல் கேள்வி. காக் என்றால் அக்கா. இல்லை என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

இம்போர்ட் சாளரத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், பார்க்கச் சொன்னார். பெயரைத் தலைப்பிலிருந்து எடு என்று அதில் இருந்தது. அதை, வந்த தேதி, நேரம், அனுப்பியவர் என்று மாற்றச் சொன்னார். ஏற்கெனவே ஏறியதை அவரே அங்கிருந்து நீக்கிவிடுவதாகச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. "அஞ்சலெல்லாம் உங்க பெட்டியில பத்திரமா இருக்கு, காக். பயப்படாதீங்க. நேத்து ஒரு தோட்டத்துல லோரி விவரம் முழுக்க ஹேப்பி பர்த்டேன்னு ஏறிடுச்சு" என்றார். உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா, தெரியாது. முதல் கட்டு அஞ்சல்கள் தனித்தனிப் பெயரில் வரிசையாக நிற்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.

மிச்சத்தையும் கட்டுக் கட்டாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் எந்தக் கோப்புறை என்று கேட்கும், நகர முடியாது. வீட்டுக்காரரைக் கூட்டிவரும் நேரமும் வந்துவிட்டது.

"நான் போயி கூட்டியாறேன்" என்றார் மண்டோர்.

அவரும் என் வீட்டுக்காரரும் போன திருவிழாவில் மைக் செட்டு விஷயமாகச் சண்டை போட்டதிலிருந்து பேசுவதில்லை.

"ஒங்க கார்ல ஏற மாட்டாரு அண்ணே."

"ரத்தத்த சுத்தம் பண்ணிட்டு வர்ற மனுசன், நான் தொரத்துனா ஓடவா போறாரு? நீங்க வேலயப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் மண்டோரும் என் வீட்டுக்காரரும் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். மண்டோர் கையில் எனக்கு ஒரு பொட்டலம் மீகூன், வறுத்த அரிசிச் சேமியா.

"கார்ல ரேடியோ இல்ல, ஏர்கானும் இல்ல. வேற வழியில்லாம பேசிட்டோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பேசுனது அவரு. நான் ஓட்டுனேன், அவ்வளவுதான்."

அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீகூனைச் சாப்பிட்டுக்கொண்டே மிச்சத்தை ஏற்றினேன். இருட்டுவதற்குள் முடிந்தது. கோப்புறை கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. எலி, மாடு, லோரி எல்லாம் தனித்தனியாக, அவை வந்த நாளில் இருந்தன. போனில் பேசிய பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. அவர் முகமும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்று என்னை இந்த மேசையில் உட்கார வைத்தவர்களில் அவர் ஒருவர். மண்டோரிடம் நன்றி சொல்லப் போனால் கிண்டல் செய்வார் என்று சொல்லாமலே விட்டேன். இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை கிள்ளானிலிருந்து பதில் வந்தது. கோப்புகள் சரியாக ஏறியிருக்கின்றன, வேலை தோட்டத்திலேயே தொடரலாம் என்று எழுதியிருந்தார்கள். மேலாளர் படித்துவிட்டுத் தலையசைத்தார். அன்று வந்த அஞ்சல்களை மதியத்துக்குள் ஏற்றினேன்.