அலகு இல்லாத ஐந்து

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட மூன்று மாடி ஏறி வந்து நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரிகளுக்குத் தினமும் போகும் மருந்து அளவுத் தாள்களை எக்ஸ்.எம்.எல். என்ற கணினிக் கோப்புகளாக இருபத்திரண்டு வருடம் கட்டி மேய்த்தவர் அவர்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வெளியூரில். வீட்டில் பேச ஆளில்லாத குறையை எங்கள் காதில்தான் தீர்த்துக்கொள்வார்.

அவர் கோப்பில் அளவு ‘5’ என்று மட்டும் இருக்கும். அலகு குறிப்பிடாவிட்டால் அது மில்லிகிராம் என்று, கோப்புகளின் அமைப்பைச் சரிபார்க்க உதவும் டி.டி.டி. என்ற தனிக் கோப்பில் ஒரே வரி எழுதி வைத்திருந்தார். அச்சுக்குப் போகும்போது நிரல் அந்த வரியைப் படித்து, விட்டுப்போன இடத்தையெல்லாம் தானே நிரப்பிக்கொள்ளும். மில்லிலிட்டராக இருந்தால் மட்டும் கையால் எழுதுவார்.

அந்த நிரல் என் பொறுப்பு. டி.டி.டி. ஓர் ஓட்டை சர்வரில் கிடந்தது. அதை எடுத்து வருவதற்குள் தாவு தீர்ந்துவிடும். கோப்புகளைத்தான் ஏற்கெனவே சரிபார்த்தாயிற்றே, இது எதற்குத் தண்டத்துக்கு என்று, யாரையும் கேட்காமல் அதைப் படிப்பதை நிறுத்தினேன். மருந்துகளின் சுருக்கப் பெயர்களுக்கு விரிவும் அதில்தான் இருந்தது; அவை உடனே பிழை காட்டிக் கத்தின, ஒட்டுப்போட்டுச் சமாளித்தேன். அலகுகள் மட்டும் சத்தமே இல்லாமல் காணாமல் போயின.

பழகிய நர்சுகள் மில்லிகிராம் என்றே எடுத்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி வெறும் ஐந்தைப் பார்த்து, புட்டியிலிருந்து ஐந்து மில்லி ஊற்றிக் கொடுத்தாள். அதில் ஒரு மில்லிக்குப் பத்து மில்லிகிராம் மருந்து, ஆக பத்து மடங்கு. அதைக் குடித்த நோயாளி அம்மாள் மறுநாள் இறந்துபோனாள்.

விசாரணையில் இயக்குநர் கோப்பைத் திறந்து காட்டினார்.

“அலகு எங்கய்யா?”

“டி.டி.டி.யில இருக்குங்க சார். நாம சொல்லாம விட்டா அதுதான் நிரப்பும்” என்றார் காற்புள்ளி.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “அது சரிபார்க்கறதுக்குத்தானேப்பா?”

ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பிப்பார், நான் மாட்டுவேன். வீட்டில் கைக்குழந்தை.

“ஆமா சார். அதுக்கு மட்டும்தான்.”

அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஒரு தாளை மட்டும் திரும்பப் பெற்றார்கள். கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார். செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

“டி.டி.டி.யப் படிக்கறத நீ நிறுத்திட்டியாப்பா?”

நான் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“சரி, என்னை விடு. முதல்ல அதை மறுபடி சேத்துடு. இன்னும் எத்தனை தாள் வெறும் நம்பரா போகுதோ, தெரியல.”

உடனே சேர்த்தால் குட்டு உடைந்துவிடும். விசாரணை அறிக்கையில் கையெழுத்தாகட்டும் என்று காத்திருந்தேன், படுபாவி. மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் தாள்கள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.