ஓடுபாதைத் தெரு

சனிக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு நான் வேறொருவருடைய ஓவர்கோட்டின் பின்னால் நடக்கத் தொடங்கினேன். எனக்கு எட்டு வயது. பாரிசுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. தமிழ்க் கடைகள் இருந்த ரூ பெர்தொனே என்ற தெருவில், ஒரு கடை வாசலில் அப்பா முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்த வருடம் தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த சாம்பல் நிற ஓவர்கோட்டைத்தான் எங்கள் ஆண்களில் பாதிப்பேர் போட்டிருந்தார்கள். என் உயரத்துக்குத் தெரிந்தது அதன் கீழ்ப்பாதி மட்டும். அது நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

ரயில்பாதைப் பாலம் தாண்டி, ஒரு கதவைத் திறக்கும்போது அந்த மனிதர் திரும்பினார். அப்பா இல்லை.

நான் ஓடினேன். தெரு மெல்ல வளைந்துகொண்டே போனது. எவ்வளவு ஓடினாலும் பச்சைக் கதவு போட்ட அதே பேக்கரிதான் மறுபடி வந்தது. பக்கத்துக் கட்டிடத்தின் காவல்காரப் பெண்மணி துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்தினார். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் அப்பா, சாம்பல் ஓவர்கோட்டு, காணவில்லை என்றேன். அப்படி ஒருவர் வாயே திறக்காமல் இரண்டு தடவை ஓடிப்போனதாகச் சொல்லிச் சிரித்தார்.

“நீயும் ஓடினால் அவர் உன்னைப் பிடிக்கவே மாட்டார். இது பழைய பந்தய மைதானம். இப்படி உட்கார்.”

பின்னாளில் நூலகத்து வரைபடத்தில் பார்த்தேன். விக்டோரியா ராணி காலத்தில், ரயில்பாதை வேலைக்கு வந்த ஆங்கிலேயர் ஓட்டத்துக்கும் சைக்கிளுக்குமாக அமைத்த மைதானம் அது. பிறகு நிலம் விலைபோனது. பார்வையாளர் அமர்ந்த மரப்படிகளைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். நடுப்புல்லில் மாடிவீடுகள் எழுந்தன. ஓடுபாதை மட்டும் தெருவாக மிஞ்சியது.

போன வாரம் என் மகன் ஒரு மணி நேரம் போனை எடுக்கவில்லை. கார்ஜ் போகும் புறநகர் ரயில் வழியில் நின்றுபோனதாம். பத்திரமாக வந்துவிட்டான். அந்த ஒரு மணி நேரமும் அந்தத் தெருவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மூன்றாம் சுற்றில் அப்பா வந்தார். கடைக்கார அண்ணை பாலத்துப் பக்கம் கைகாட்டியிருக்கிறார். வேர்வையில் நனைந்திருந்தார், முருங்கைக்காய்க் கட்டை விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். முழந்தாளிட்டு, பூட்டியிருந்த என் பொத்தான்களைக் கழற்றித் திரும்பப் பூட்டினார்.

அவரிடம் அப்போது விசா இல்லை என்பதும், தமிழில் கத்தினால் பொலிஸ் திரும்பிப் பார்க்கும் என்று அவர் பயந்ததும் எனக்குத் தெரியாது.

“ஏனப்பா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லை?” என்று கோபமாகக் கேட்டேன்.

“கூப்பிட்டுக்கொண்டுதான் பிள்ளை ஓடினனான்,” என்றார் அப்பா. “வாய்க்குள்ளை.”