தாடியை மறைத்த குங்குமம்

சில நாள் சவரம் காணாத ஆண்பிள்ளைத் தாடை விரல் நுனியில் எப்படி உரசும் என்பது பதின்மூன்று வயதிலேயே எனக்கு அத்துப்படி. உப்புத்தாள் போலச் சொரசொரவென்றிருக்கும் அந்தத் தாடையில் தேங்காய் எண்ணெயைத் தடவினால் மயிர் ஒரு பக்கமாகப் படியும், கையை எடுத்ததும் மறுபடி நிமிர்ந்து நிற்கும். யாரும் வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம், அது என் அண்ணன் சேதுவின் தாடை. என் முகத்துக்குப் பவுடர் போடவே வீட்டில் அனுமதி இல்லாத வயதில், ஒரு முகத்துக்கு முழு வேடம் போட நான் பழகியது அவன் முகத்தில்தான்.

கண்டரமாணிக்கத்துப் பக்கம் எங்கள் ஊர். அறுபதுகளின் கடைசி அது. பங்குனியில் மாரியம்மன் திருவிழா நடக்கும், அதில் ஊர்ப் பையன்களே நாடகம் போடுவார்கள், அதில் ராணி வேடம் என்றால் அண்ணன்தான். மற்ற நாட்களில் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் போடும் பட்டறையில் வேலை பார்த்துச் சிமெண்டு தின்ற விரல்களோடு திரிகிறவன், அந்த ஓர் இரவு மட்டும் கொண்டை வைத்துக்கொண்டு நடந்து வந்தால் முன்வரிசைப் பெண்களே வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அம்மா மட்டும் பார்க்க வரமாட்டாள். பெற்ற பிள்ளை சேலை கட்டிக்கொண்டு ஆடுவதைக் கண்ணால் காண முடியாது என்று வீட்டிலேயே படுத்துக்கொள்வாள்.

அந்த வருடம் சிக்கல் என்னால் வந்தது. முந்தைய கோடையில் எனக்குப் பெரியம்மை கண்டு, பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தபோது, தங்கச்சி எழுந்து உட்கார்ந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அண்ணன் நேர்ந்துகொண்டிருந்தான். நானும் முகமெல்லாம் குழிகுழியாக எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தீச்சட்டி எடுப்பவன் காப்புக் கட்ட வேண்டும், கட்டினால் அதை அவிழ்க்கும்வரை முகத்தில் கத்தி படக் கூடாது. நாடகமோ காப்பு அவிழ்ப்பதற்கு முந்தின இரவு. எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தாடி காலையில் மழித்தால் மாலையில் தலைகாட்டும் சாதி. ஒத்திகைக்கு வந்த நாடக வாத்தியார் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாடி வச்ச ராணிய நான் எங்குட்டும் பாத்ததில்லப்பா. மறைக்க முடிஞ்சா நடி, முடியலைன்னா சொல்லிரு, வேற ஆளைப் போட்டுக்கிறேன்" என்று சொல்லி, வேடப் பெட்டியைக் கையில் கொடுத்தனுப்பினார்.

என் பொருட்டு வளர்ந்த தாடி அது. அதை மறைக்கும் பொறுப்பை அண்ணன் கேட்காமலே நான் எடுத்துக்கொண்டேன். அவன் விரல்களில் இருந்த வெடிப்புக்கு மென்மையாக எதையும் பூசவும் முடியாது.

அம்மா வயலுக்குப் போன பிறகு பின்கட்டில் பெட்டியைத் திறப்போம். "அரிதாரம்" என்கிற மஞ்சள் தூள், "முத்துவெள்ளை" என்கிற வெள்ளைத் தூள், கொஞ்சம் ரோஸ் பவுடர், அவ்வளவுதான் சொத்து. முதல் நாள் முத்துவெள்ளையை எண்ணெயில் குழைத்து நேரே தாடையில் அப்பினேன். கறுப்பின் மேல் வெள்ளை ஏறிச் சாம்பல் நிறமாகி, ராணிக்குப் பதில் கரிச்சட்டியைப் பாதி விளக்கி வைத்தது போல் ஒரு முகம் வந்தது. இன்னும் கனமாகப் பூசினேன். அவன் வசனம் பேச வாயைத் திறந்ததும் பாளம் பாளமாக மடியில் விழுந்தது. "பூச்சு தடிச்சா வெடிக்கத்தான் செய்யும்" என்று பட்டறைக்காரன் தோரணையில் அவன் சிரித்தான். எனக்கு அழுகையாக வந்தது.

வழி காட்டியது வியர்வைதான். ஒருநாள் கோயிலிலிருந்து வந்தவன் நெற்றியைத் துடைத்த கையாலேயே கன்னத்தையும் துடைத்திருந்தான். குங்குமம் தாடையில் ஒரு கோடாக இழுபட்டிருந்தது. சோம்பலில் அதைக் கழுவாமல் அப்படியே மேலே பூசினேன். தாடை முழுவதும் வழக்கம்போல் சாம்பல், ஆனால் குங்குமம் இருந்த இடத்தில் மட்டும் தாடியைக் காணோம். தேய்த்துப் பார்த்தேன், வெயிலில் திருப்பிப் பார்த்தேன், இல்லவே இல்லை. கறுப்பை வெள்ளை மறைக்காது, முதலில் சிவப்பால் அடக்கிவிட்டு அதன் மேல்தான் அரிதாரமும் முத்துவெள்ளையும் கலந்த தோலின் நிறத்தைப் போட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. பிறகு பூசுவதையும் விட்டுவிட்டு, நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கப் பழகினேன். அண்ணன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ராணியின் குரலிலேயே எனக்கு ஒரு கும்பிடு போட்டான்.

கும்பிடு போட்டவன் மறுநாள் காலையில் தாடையெல்லாம் சிவந்து பொரிபொரியாக எழுந்தான். கடைக் குங்குமம் இரவோடு இரவாகத் தோலைப் பதம் பார்த்திருந்தது. அம்மா அதைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. வேப்பிலையை ஒடித்து நிலையில் செருகி, அண்ணனைப் பாயில் படுக்கவைத்து, தலைமாட்டில் கையெடுத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்துவிட்டாள். ஒத்திகைக்கு அழைக்க வந்த வாத்தியாரிடம், "அங்குட்டே நில்லுங்க, உள்ள வராதீக. புள்ளைக்கு ஆத்தா பாத்திருக்கா" என்றாள். வாத்தியார் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, வேறு ராணியைத் தேடத் திரும்பினார். ஆத்தா என்று சொன்ன பிறகு இல்லை என்று சொல்ல அண்ணனுக்கு நாக்கு எழவில்லை.

நான்தான் சொன்னேன். "அம்மா, அது ஆத்தா இல்ல. நான் தடவுன குங்குமம். காச்சலே இல்ல, குங்குமம் பட்ட எடத்துல மட்டும்தான் பொரிஞ்சிருக்கு."

"போன வருசமும் கொசுக்கடின்னுதான்டி சொன்ன" என்றாள் அம்மா.

பேசிப் பயனில்லை என்று பெட்டியை எடுத்து வந்தேன். திரும்பிப் போகவிருந்த வாத்தியாரை வாசலிலேயே நிற்கச் சொன்னேன். வேப்பிலைக்குக் கீழே அண்ணனை உட்காரவைத்து, சிவந்த தோலில் முதலில் எண்ணெயைக் கெட்டியாகத் தடவி, அதன் மேல் குங்குமத்தைக் கொஞ்சமாக ஒற்றி, பிறகு தோல் நிறத்தை ஒற்றி, பவுடர் போட்டு, புருவத்தை வளைத்து முடித்தேன். என் கை ஓர் இடத்திலும் தயங்கவில்லை. வாத்தியார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "காச்சலும் இல்ல, தாடியும் இல்ல. சாயந்தரம் அனுப்பி வைங்காத்தா" என்றார்.

அம்மா அண்ணன் முகத்தைத் தாங்கிப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவனையும் என்னையும் ஒரே அச்சு என்று ஊரே சொல்லும், அம்மை வருவதற்கு முன்பு. "போன வருசம் இருந்த என் மக மூஞ்சி" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாடகம் நன்றாக நடந்தது. மறுநாள் காப்பை அவிழ்த்துத் தாடியை மழித்துவிட்டு வந்த அண்ணன், மிச்சமிருந்த குழம்பை என் குழிகளில் போட்டுவிடுகிறேன் என்று உட்காரவைத்தான். முதலில் சிவப்பு, மேலே தோல் நிறம், நான் சொல்லச் சொல்ல அவன் செய்தான். கண்ணாடியில் பார்த்தால் குழிகள் தெரியவில்லை, அழகாகவே இருந்தேன், ஆனால் ராணி வேடம் போட்ட அண்ணனைப் போல இருந்தேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். அதன் பிறகு என் கல்யாணத்துக்குக்கூட நான் குழிகளை மறைத்துக்கொள்ளவில்லை, பெண் பார்க்க வந்தவர்களையும் நேராகவே பார்த்தேன்.

போன மாதம் என் பேத்தி காரைக்குடிக் கடையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு குச்சி வாங்கி வந்து, "இதை முதல்ல போட்டா எந்தக் கறுப்பும் தெரியாது அம்மாச்சி" என்று எனக்கே பாடம் எடுத்தாள். சிரித்துக்கொண்டேன். பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது, பேருந்தில் என்னைப் போல் ஒரு முகத்தைக் கண்டே பல வருடம் ஆகிறது. நாடக மேடை இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அம்மை வருவதற்கு முன்பு நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று பேத்தி கேட்டாள். என்னிடம் ஒரு படமும் இல்லை, எங்கள் வீட்டில் அப்போது யாரையும் படம் எடுத்ததில்லை.

அம்மாவுக்கு மட்டும் அந்த முகம் வருடா வருடம் கிடைத்தது. மகன் சேலை கட்டுவதைக் காண முடியாது என்றவள், அந்த வருடத்திலிருந்து நாடகத்துக்கு முதல் ஆளாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு அண்ணன் வேடம் போதும் என்று நிறுத்தியபோது, ஊரில் யாரும் வற்புறுத்தவில்லை. அம்மாதான் கேட்டாள்: "இன்னும் ஒரே ஒரு வருசம் போடேன்ப்பா."