பழைய டைரிக்குள் பெங்களூர்

எங்கள் இருபதாவது திருமண நாளுக்கு மூன்று நாள் பெங்களூர் போய்வர, டிசம்பரிலேயே ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். எதையும் டைரியில் ஒழுங்காக வைப்பவன் நான். புறப்படும் நாள் ஜனவரி 27 என்பதால், டிக்கெட்டை அந்தத் தேதிப் பக்கத்திலேயே செருகி வைத்தேன்.

சென்ட்ரலில் மாலை வண்டி. நான் மதியமே கிளப்பிவிட்டதில் மனைவி கமலாவுக்குக் கோபம். "இப்பவே போனா வண்டிய நாமதான் கழுவி விடணும்," என்றாள்.

தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது, "டிக்கெட் இருக்கில்ல?" என்று கேட்டாள். பெருமையோடு டைரியை விரித்தேன். ஜனவரி 27 வெறுமையாக இருந்தது.

அது புது வருட டைரி. டிசம்பரில் நான் டிக்கெட்டைச் செருகியது பழைய டைரியின் ஜனவரியில். அதுவோ செம்பாக்கத்தில், எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

கமலாவைப் பெட்டிகளோடு உட்காரவைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். விஷயத்தைக் கேட்ட டிரைவர், "இன்னா சார், போன வருசத்த வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்று சிரித்தார்.

பரணில் ஏறி, டிக்கெட்டோடு திரும்பினேன். சென்ட்ரலில் நாங்கள் உட்கார்ந்ததும் வண்டி நகர்ந்தது.

"நல்லவேளை, பழைய டைரியோட என்னையும் பரண்ல ஏத்தாம விட்டீங்க," என்றாள் கமலா.

இப்போதெல்லாம் டிக்கெட் வாங்கினால் அது நேராக அவள் கைப்பைக்குப் போகிறது. டைரியில் 'டிக்கெட் கமலாவிடம்' என்று மட்டும் எழுதுகிறேன். டிசம்பராக இருந்தால், இரண்டு டைரியிலும்.