இலவசமான பிறகு

என் தம்பியும் நானும் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பேசிக்கொள்வோம். அதுவும் "இந்தப் பக்கம் ஒருத்தன் வர்றான், பாரு", "அண்ணா, நீ பின்னாடி நில்லு" என்கிற அளவில். ஒரு ஆன்லைன் விளையாட்டில் நாங்கள் ஒரே அணி. விழுப்புரத்தில் என் மருந்துக் கடையை மூடிவிட்டு நான் உட்காருவேன். திண்டிவனத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அவன், அங்கே தன் வீட்டில் உட்காருவான். நாற்பதைத் தாண்டிய நான் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கத்துவதைப் பார்த்து என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

அம்மா கடைசிக் காலத்தில் யார் வீட்டில் இருப்பது என்பதில் தொடங்கிய சண்டை. அம்மா போன பிறகும் சண்டை போகவில்லை. காரியத்தன்று ஆளுக்கொரு பக்கம் நின்றோம். அவன் வீட்டுக்கு நான் போவதில்லை, என் வீட்டுக்கு அவன் வருவதில்லை. யார் முதலில் போன் செய்வது என்கிற வீராப்பில் மட்டும் இருவரும் ஒரே அச்சு.

சண்டைக்கு முன்பிருந்தே அந்த விளையாட்டுக்கு மாதச் சந்தா. இருவர் கணக்குக்கும் என் கார்டிலிருந்துதான் போகும். அவன் பங்கை முதல் தேதி எனக்கு அனுப்பிவிடுவான். சண்டை வந்த பிறகும் அனுப்பினான். காசு கட்டியாகிவிட்டதே, ஆடாவிட்டால் வீண் என்று நானும் வந்து உட்காருவேன். அண்ணன் தம்பி என்பதற்காக இல்லையாம், கட்டின காசுக்காகவாம்! இந்தப் பொய்யை இருவரும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டோம். ஒரு ஞாயிறு அவனுக்கு ஜுரம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆடினான். "மாத்திரை போட்டியாடா?" என்று கேட்டுவிட்டேன்.

"போட்டேண்ணா. நீ முன்னால பாரு, ஆளு வந்துக்கினு இருக்கான்."

அந்த வாரம் முழுக்க எனக்கு மனசு லேசாக இருந்தது.

பிறகு கம்பெனிக்காரன் தர்மப் பிரபு ஆனான். இனி சந்தா கிடையாது, எல்லாருக்கும் இலவசம், வேண்டியவர்கள் உள்ளே இருக்கும் கடையில் உடையும் ஆயுதமும் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தான். மாதாமாதம் அழும் தண்டம் மிச்சம் என்று முதலில் எனக்கும் சந்தோஷம்தான். சில நாளிலேயே தீபாவளிக்கு முதல் நாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நிற்பது போல ஒரே கூட்டம். எங்கே தொட்டாலும் அதை வாங்கு, இதை வாங்கு என்று நச்சரிப்பு.

"இதெல்லாம் ஒரு கேமாண்ணா? பேஜாரா இருக்குது" என்றான் தம்பி. அடுத்த ஞாயிறு சீக்கிரமே கிளம்பினான். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. முதல் தேதி வந்தது, அனுப்ப அவனுக்கு ஒன்றுமில்லை. ஏன் வரவில்லை என்று எதைச் சொல்லிக் கேட்பது? முன்பென்றால் "காசு வீணாவுதுடா" என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். இப்போது வீணாவதற்கு எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் நான் மட்டும் உட்கார்ந்து, அவன் பெயருக்கு எதிரே, ஆள் உள்ளே இல்லை என்று காட்டும் சாம்பல் நிறப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. இதுவும் போய்விட்டால் எனக்குத் தம்பி என்று ஒருவன் இல்லை.

ஆவணியில் சித்தப்பா மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். பந்தியில் யாரோ கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்ததில், பக்கத்தில் அவன். எழுந்திருக்கவும் முடியாது. அப்பளம் வரும்வரை இருவரும் இலையையே பார்த்தோம். கடைசியில் நான்தான் வாய் திறந்தேன்.

"இப்பல்லாம் ஆட வர்றதில்லையாடா?"

"எங்கண்ணா டைமு? காலைல வண்டி எடுத்தா ராத்திரி ஆவுது. கேம் பக்கமே போறதில்ல. மறந்தே போச்சு."

பாவம், உழைத்து உழைத்து இளைத்துவிட்டான் என்று மனம் இளகியது. "ஒடம்ப பாத்துக்க" என்றேன். பாயசம் வேண்டாம் என்று அவன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டியபோது அது அம்மாவின் கை மாதிரியே இருந்தது. திரும்பும் பஸ்ஸில் முடிவே செய்துவிட்டேன். நாளைக்குக் கடை திறந்ததும் நானே போன் செய்துவிடுவது.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில் விளையாட்டைத் திறந்தேன். அணிப் பட்டியலில் அவன் பெயர், அதே சாம்பல் புள்ளி. பக்கத்தில், ஆட ஆட ஏறிக்கொண்டே போகும் அவனுடைய நிலை எண். கடைசியாகச் சேர்ந்து ஆடியபோது அது நாற்பத்தொன்று. இத்தனை வாரமும் நான் புள்ளியைத்தான் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. அறுபத்தெட்டு என்றிருந்தது. தான் உள்ளே இருப்பதை மற்றவர்களுக்குக் காட்டாமல் ஆட அதில் வசதி உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் பெயரைத் தொட்டேன். கடையில் காசு கொடுத்து மட்டுமே வாங்கக்கூடிய நீல அங்கியைப் போட்டுக்கொண்டு அவனுடைய வீரன் நின்றான்.

விளையாட்டு அவனுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்கிறது. மறுநாள் கடையைத் திறந்தேன், போன் செய்யவில்லை.