அண்ணனின் ஸ்கேலுக்கு ஓர் ஐந்தாவது கம்பி

ஹாம்பர்க்கில் அந்த இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தபோது என் காதுதான் அடைத்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். பத்துப் பதினைந்து பேர் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார்கள். தலை ஆடுகிறது, கால் தாளம் போடுகிறது, ஆனால் பாட்டைக் காணோம். எல்லார் காதிலும் ஹெட்போன். கம்பியில் நகம் படும் சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்கிறது. ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதாம். கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டாரை நான் பழகியது சங்கரன்கோவிலில், எங்கள் கோயிலில். தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அங்கே வாசித்தால் வெளியே கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதைத் தெருமுனை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தொந்தரவு என்று யாரும் வந்து நின்றதில்லை.

நாலு கம்பி பேஸ் ஒன்று என் அறையில் இருக்கிறது. ஐந்து கம்பி பேஸ் வாங்க வந்தது அண்ணனோடு வாசிப்பதற்காக. அண்ணன் இறந்து இரண்டு வருடமாகிறது.

அண்ணன் ஜெபசிங் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். வாரநாளில் மேலநீலிதநல்லூருக்கு பஸ் ஏறி ஆபீஸ் போவான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தனிப்பாட்டுப் பாடுவான். கனத்த குரல். அவன் ஸ்கேல், அதாவது பாடும் சுருதி, சி. அதற்கு மேலே ஏற மாட்டான். வரி முடிகிற இடத்தில் கீழே இறங்கி நிதானமாக உட்காருவான். நாலு கம்பி பேஸில் ஆகக் கீழ்ச் சுரம் ஈ. அதற்குக் கீழே அவனோடு இறங்க எனக்கு வழி கிடையாது, திரும்பி மேலே தாவ வேண்டும். "நான் எறங்குதேன், நீ ஏம்ல ஏறி ஓடுத?" என்று கேலி செய்வான்.

ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, நான் ஊரில் வாசித்த கடைசி ஆராதனை. அந்த ஈ சொல்லும் பெரிய கம்பியை விரல் அழுத்தாமல் வெறுமனே விட்டு அடித்துக் கோயிலே அதிர வாசிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குப் பாட்டு ஈ ஸ்கேலில் இருக்க வேண்டும். கீபோர்டு வாசிக்கும் பால்ராஜிடம் டிரான்ஸ்போஸ் பட்டனை நாலு தடவை தட்டச் சொன்னேன். தட்டுக்கு ஒரு படி பாட்டு மேலே ஏறும், சி ஈ ஆகிவிடும். அவ்வளவுதான் வேலை. அண்ணன் சபையைப் பார்த்து நின்றிருந்தான். முன்னிசை தொடங்கிவிட்டால் திரும்பிப் பார்ப்பதோ பாட்டை நிறுத்துவதோ எங்கள் கோயிலில் வழக்கமில்லை. வந்த ஸ்கேலில் பாடினான். மூன்றாவது சரணத்தில் குரல் உடைந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் நன்றாக வாசித்தேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது அண்ணன் கேட்டான்: "ஏலே, ஸ்கேலு கொஞ்சம் கூடிட்டோ?"

"இல்லண்ணே. ஒனக்குத்தான் தொண்ட கட்டிருக்கு."

நம்பிவிட்டான். அந்த வாரம் முழுக்க மிளகைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடித்தான். ரயிலேற்ற வந்தபோதும் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தான். "போய்ட்டு வா மக்கா. தொண்ட சரியானதும் பாடி அனுப்புதேன்" என்றான். அதற்குப் பிறகு கோயிலில் அவன் தனிப்பாட்டுப் பாடவே இல்லை. கேட்டவர்களிடம் தொண்டை போய்விட்டது என்றிருக்கிறான். போனில் எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்து, சாப்பாட்டையும் மழையையும் பேசிவிட்டு வைத்திருக்கிறேன். அப்புறம் ஒருநாள் நெஞ்சுவலி. அடக்கத்தை யாரோ பிடித்துக் காட்டிய கைபேசியில் பார்த்தேன். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், போக முடியவில்லை.

போன மாதம் மதினி அவன் போனிலிருந்து ஒரு பதிவை அனுப்பினாள். "ஒங்களுக்கு அனுப்பத்தான் பாடுனாவ தம்பி. சரியா வரலன்னு சொல்லி வச்சிட்டாவ." அதே பாட்டு, சி ஸ்கேலில். முதல் சரணத்தைத் தாண்டி என்னால் கேட்க முடியவில்லை. அன்றிலிருந்து குளிக்கும்போதும் ரயிலில் நிற்கும்போதும் அவன் குரல் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, கூட இறங்க ஆளில்லாமல்.

கடையில் உதவிக்கு வந்த பெண்ணிடம் ஒரு சி ஸ்கேல் பாட்டுக்கு வாசிக்க வேண்டும் என்றேன். யார் பாடுவது என்று கேட்டாள். அண்ணன் என்றேன்.

"அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டி வாருங்களேன், சேர்ந்து பார்க்கலாம்."

"அவனால் வர முடியாது."

"விசா பிரச்சினையா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். போனில் இருக்கும் பதிவுக்குத்தான் வாசிக்கப் போகிறேன் என்றதும் அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் புதுக் கிட்டாரே வேண்டாமாம். ஆப் இருக்கிறதாம், பாட்டை நாலு படி ஏற்றிவிட்டால் என் பழைய பேஸே போதுமாம். "அவருக்குத் தெரியவே தெரியாது" என்றாள். வேண்டாம் என்று நான் சொன்ன சத்தத்தில் ஹெட்போன் போட்டவர்களே நிமிர்ந்து பார்த்தார்கள். நல்ல யோசனையைத்தானே சொன்னோம் என்பதுபோல அவள் விழித்தாள்.

மூன்று பேஸ்களைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாவதில் அடிக் கம்பி தொளதொளவென்று ஆடியது. இரண்டாவதின் கழுத்து என் கைக்கு அடங்கவில்லை. மூன்றாவது யாரோ வாசித்துப் பழகிய பழசு, பழுப்பு நிறம். பழைய ஞாபகத்தில் கை ஈ என்று நினைத்து ஓரக் கம்பிக்குப் போகிறது. அங்கே இப்போது ஈக்கும் கீழான பி இருக்கிறது. நாலைந்து தடவை தப்பாக அடித்தேன். பிறகு அந்தக் கம்பியின் முதல் ஃப்ரெட் கட்டத்தில் விரலை அழுத்தினேன். சி. சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்செலும்பில் வந்தது. இதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹெட்போனை மாட்டி, போனைச் செருகி, பாட்டைப் போட்டேன். முதல் வரியின் முடிவில் அண்ணன் இறங்கினான், நானும் இறங்கினேன். தாவவில்லை. முதல் சரணம் முடிந்ததும் குரல் நின்றது. பதிவு அறுந்துவிட்டது என்று நினைத்துப் பார்த்தால் விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஃபேன் சுற்றுகிற சத்தம், தூரத்தில் ஒரு பஸ் ஹாரன், தரையில் காலால் மெல்லத் தட்டுகிற சத்தம். அவன் தாளம் எண்ணிக்கொண்டிருந்தான். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே நானும் பால்ராஜும் வாசிக்கும் எட்டு சுற்று. வீட்டில் தனியாகப் பாடியவன் எங்கள் இடத்தை விட்டுவைத்துக் காத்திருக்கிறான். அடுத்த சரணத்தில் குரல் உடையுமோ என்று பயந்துகொண்டே கேட்டேன். உடையவில்லை.

பாட்டைத் திரும்ப முதலிலிருந்து வைத்தேன். இந்தத் தடவை அந்த எட்டு சுற்றையும் வாசித்தேன். வாசித்துக்கொண்டே, "ஸ்கேல ஏத்தச் சொன்னது நாந்தாம்ண்ணே, ஒன் தொண்டைக்கு ஒண்ணுமில்ல" என்றேன். ஹெட்போன் போட்டிருந்ததில் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கடையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. தெரிந்தவன் அதற்குள் அடுத்த சரணத்தைத் தொடங்கியிருந்தான்.