அம்மிக்கல்லில் உடைந்த படம்

என் அண்ணன் பெண்சாதி ஜஹீருன்னிசா, எனக்கு பாபி, சொன்ன வாக்குத் தவறாதவள் என்று ஆம்பூரே சொல்லும். எனக்குச் சிரிப்பு வரும்.

அண்ணன் வாஹித் பாஷா கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். ரங்கூனுக்குக் கப்பலேறும் பையன்கள் குஞ்சத் தொப்பியோடு வந்து விறைப்பாக நிற்பார்கள். பெண்பிள்ளைகள் அந்நிய ஆணின் முன்னால் உட்கார முடியுமா? அதனால் பாபி காமிராவைக் கற்றுக்கொண்டாள். எங்கள் வீட்டு உள்ளறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. பிற்பகலில் அதன் வழியே பாலாக வெளிச்சம் இறங்கும். பக்கத்தில் தோல் பதனிடும் மண்டியின் ஆவாரம்பட்டை வாசம்கூட அந்நேரம் இனிக்கும். பாபி "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணுவாள், அறையே மூச்சடக்கிக்கொள்ளும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று எண்ணுவதற்குள் நான் பெரிய அழகி என்று நிஜமாகவே நம்பிவிட்டேன், போங்கள்!

கல்யாணம் பேசும் பெண்ணுக்கு ஒரே ஒரு பிரதி. அது மாப்பிள்ளையின் தாய்க்குப் போகும். பிறகு, வேறு ஆண்கள் கண்ணில் பட்டுவிடாதபடி, படம் பதிந்த கண்ணாடி பிளேட்டைத் துணியில் சுற்றி, பெண்ணின் தாய் பார்க்க, அம்மிக்கல்லில் வைத்து உடைத்துவிட வேண்டும். இதுதான் பாபி கொடுத்த வாக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் சுகரா பேகம் தன் மகள் குர்ஷித்தைக் கூட்டிவந்தாள். பதினாறு வயது. மூன்று என்றதும் அவள் உதட்டில் ஏதோ கனவு வந்து நின்றது. அந்த பிளேட்டை உடைக்க பாபிக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக, கல்யாணப் புதுசில் அண்ணன் எடுத்த தன் படத்தின் பிளேட்டைத் துணிக்குள் வைத்து உடைத்தாள். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வருஷத்தில், கல்யாணமாகிப் போன ரங்கூனிலேயே குர்ஷித் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சுகரா பேகம் வீட்டார் சம்பந்தி வீட்டுக்கு அந்தப் படத்தைக் கேட்டு எழுதினார்கள், பதிலே இல்லை. ஒருநாள் சுகரா பேகம் வந்தாள்.

"எம் பொண்ணு உக்காந்த நாற்காலி எது? கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

பிளேட்டை எடுக்க பாபி எழுந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம் பாபி. பொய் வெளிய வந்தா நாளைக்கு ஒருத்தியும் நம்ம படி ஏறமாட்டா."

பாபி கையை உதறிவிட்டு பிளேட்டைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிளேட்டில் எல்லாமே தலைகீழ் நிறம். கறுப்புக் கூந்தல் வெளுத்துத் தெரியும்.

"யா அல்லா, எங்கொழந்தைக்குத் தலை நரைச்சிருக்கே!" என்று சுகரா பேகம் சிரித்தாள், அழுதாள். "அப்போ அன்னிக்கு உடைச்சது இன்னாம்மா?"

"என்னோடது."

சுகரா பேகம் பிளேட்டை வாங்கி மறுபடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு பாபியிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்க. இங்கியே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கறேன். யார் கேட்டாலும் உடைச்சாச்சுன்னே சொல்லு."

மறுவருஷம் தன் இளைய மகள் வஜீதாவைப் படமெடுக்க அவளே அழைத்துவந்தாள். அம்மியைச் சுற்றி உறவுக்காரிகள் கூட்டம். குழவி விழுந்தது, கண்ணாடி நொறுங்கியது. "உடைஞ்சிடுச்சி, எல்லாரும் பாத்துக்கோங்க!" என்று உரக்கச் சொன்னவள் சுகரா பேகம்தான்.

துணிக்குள் ஜன்னல் கண்ணாடியை வைத்துக் கொடுத்தவள் நான்.